பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் வழி

போன வாரம் யாஸ்மின் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். சுறுசுறுப்பானவள், நல்லவள், ஆனால் எதையாவது அழிக்காவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுது போகாது. சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை மாற்றப்போகிறார்களாம். அதற்கு முன்னால் வேண்டாததை எல்லாம் கழித்துக்கட்டும் வேலை அவளுக்கு. அதில் ஒரு கோப்பு கிடக்கிறது, அளவு பூஜ்யம் என்று காட்டுகிறது, திறந்தால் திறக்க மாட்டேன் என்கிறது, சும்மாதானே இருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். "யாஸ்மின், கீபோர்டுல இருந்து கைய எடு. எடுத்துட்டு எழுந்து நில்லு" என்றேன். பாவம், பயந்து எழுந்தே நின்றுவிட்டாளாம்.

அவளோடு பேசிக்கொண்டிருந்ததில் ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் கசியும் வாசனை எனக்கு வந்து, ஓடிப்போய்க் குமிழைத் திருகினேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதும், அந்தப் பூஜ்யக் கோப்பு எதற்காக இருக்கிறது என்பதும் ஒரே கதை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று யாஸ்மின் கேட்டாள், எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வேலை பார்த்தவள். பெயர் கிரேஸ். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்ததும் ஊருக்கு வெளியே பாலாற்றங்கரை ஓரமாக இருந்த ஒரு டேனரியின், அதாவது தோல் தொழிற்சாலையின், கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் கணக்குகளைத் தட்டிப் போடுகிற வேலை, பிறகு புரோகிராம் எழுதுகிற வேலை. கல்லூரியில் படித்ததைவிட அந்தக் காம்பவுண்டுக்குள் படித்தது ஜாஸ்தி.

அந்தக் காம்பவுண்டில் ஒரு வழக்கம் உண்டு. தோல் பதனிடும் ஷெட்டுக்கும், அதற்கு மெருகேற்றும் ஃபினிஷிங் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவரில் கதவும் இருந்தது. ஆனால் தோலை அந்தக் கதவு வழியாகக் கொண்டுபோகக் கூடாது. டிராக்டரில் ஏற்றி, முன் கேட்டுக்குப் போய், மெயின் ஆபீஸில் முத்திரை வாங்கி, சுற்றிக்கொண்டு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இறக்க வேண்டும். எது நகர்ந்தாலும் மெயின் ஆபீஸுக்குத் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்தேன். கொஞ்ச காலத்தில் சிரிப்பு நின்று அதுவே பழகிவிட்டது. நாங்கள் எழுதிய புரோகிராம்களும் அந்த மண்ணில் விளைந்தவைதான் என்று அப்போது தோன்றவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் ஜெயசீலன் சார். ஆற்காட்டுக்காரர். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருவார். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். எங்களில் யாரையும் அவரவர் பெயரோடு "மா" சேர்க்காமல், "பா" சேர்க்காமல் கூப்பிட்டதில்லை. புரோகிராமில் தப்பு வந்தால் திரையைப் பார்க்க மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். "இப்ப நான்தான் செய்தி. எங்க இருந்து கிளம்பறேன், யாரைப் பாக்கறேன், சொல்லுங்க" என்பார். நாங்கள் சொல்லச் சொல்ல அறைக்குள் நடப்பார். ஒவ்வொரு மேஜையும் ஒரு புரோகிராம். ஒரு மேஜையில் நின்று, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார், நாங்கள் சொல்லும் மேஜைக்குப் போவார். எங்கே பதில் சொல்ல முடியாமல் நாங்கள் விழிக்கிறோமோ அங்கே தப்பு இருக்கும். ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் ரூமில் வாக்கிங் நடக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். சார் அவர்களுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடப்பார்.

என் வீட்டுக்காரர் எபினேசர் அதே கம்பெனியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாளர். சர்ச்சில் பார்த்து, வீட்டில் பேசி, நடந்த கல்யாணம். கேஸ் குமிழை மூடிவிட்டு மறுபடி போய்த் தொட்டுப் பார்க்கிற மனிதர். வீட்டைப் பூட்டிவிட்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இதற்காக நான் அவரோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. இன்னொன்று அவருடைய மூக்கு. தெருவுக்குள் நுழையும்போதே எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். கருவாடு வாங்கி ஒளித்துவைக்க முடியாது.

டேனரிக் கழிவு வந்து சேரும் தொட்டிகளில் அடியில் கசடு படியும். அதைக் கிளறினால் ஒரு வாயு வரும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டால் வெளியே ஓடி வந்துவிடு என்று என் வீட்டுக்காரர் புதிதாக வரும் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லுவார். மூக்கை நம்ப முடியாது என்பதால் கம்பெனி தொட்டியின் ஓரத்தில் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியும், கூரை மேல் ஒரு சைரனும் வைத்தது. இரண்டுக்கும் நடுவில், பிளான்ட் என்று நாங்கள் சொல்லும் அந்த நிலையத்து அறையில், ஒரு கம்ப்யூட்டர். அதில் இரண்டு புரோகிராம்கள். ஒன்று கருவியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று சைரனை ஊதும். தீப்பிடித்தாலும் பம்ப் நின்றாலும் அதே சைரன்தான் ஊத வேண்டும் என்பதால் அதைத் தனியாக வைத்திருந்தோம். வாயு வந்ததும் முதல் புரோகிராம் இரண்டாவதைக் கூப்பிட வேண்டும்.

இப்படிப் புரோகிராம்கள் ஒன்றை ஒன்று கூப்பிடுவதற்காக ஜெயசீலன் சார் ஒரு லைப்ரரி எழுதியிருந்தார். ஒருமுறை எழுதிவைத்துவிட்டு எல்லாப் புரோகிராமும் எடுத்துப் பயன்படுத்துகிற பொது நிரலுக்குத்தான் லைப்ரரி என்று பெயர். அவருக்கு அதில் பெருமை உண்டு. கூப்பிட வேண்டிய புரோகிராம் எந்த ஷெட்டில், எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தாலும் பெயரைச் சொன்னால் போதும், நெட்வொர்க் வழியாகத் தேடிப் பிடித்துப் பேசிவிடும். எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்கிற விலாசம் எல்லாம் மெயின் ஆபீஸில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. ஊருக்குள் இருந்த எங்கள் கம்பெனியின் ஷூ ஃபேக்டரி வரைக்கும் அதைத்தான் வைத்திருந்தோம்.

சைரனுக்குக் கெட்ட பெயர் ஒன்றும் இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் பட்டாலே ஊதிவிடும். பிளான்ட் ஆட்கள் பேஜார் என்று ஒயரைக் கழற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அதற்காக அவர்களோடு மல்லுக்கு நிற்பார். கடைசியில் சைரன் அறைக்குப் பூட்டு போட்டு சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். அந்தச் சாவிதான் பின்னால் அவருக்கு வினையாக வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் கழிவு வந்துகொண்டே இருக்கும், தொட்டியைக் காலி செய்ய முடியாது. அதனால் கசடு வாருவது எப்போதும் விடுமுறை நாளில்தான். நான் மட்டும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். பிளான்ட்டில் வேலை பார்த்த பழனியின் தம்பி சைக்கிளில் வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

தொட்டியில் இறங்கினவர் பழனி. இடுப்பில் கயிறு. விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர். இப்போதெல்லாம் இதற்கு இயந்திரம் வந்துவிட்டது, அன்றைக்கு ஆள்தான் இறங்க வேண்டும். அப்புறம் பழனியே எனக்குச் சொன்னார்: "மொதல்ல நாத்தம் தாங்கலக்கா. அப்புறம் நாத்தமே இல்ல. சைரனும் ஊதல, சரி, காத்து நல்லாயிடுச்சின்னு நெனச்சிக்கினு இன்னும் கொஞ்சம் உள்ள போய்ட்டேன்." கயிறு தொய்ந்ததை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். விளிம்பில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டி, பழனியின் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். மற்ற ஆட்கள் ஓடி வந்து பழனியைத் தூக்கிவிட்டார்கள். தூக்கி முடித்ததும் இவர் அங்கேயே நினைவில்லாமல் கிடந்தார். இரண்டு பேரையும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்ன அளவுக்கு அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., சைரனைச் சோதித்துப் பார்த்தார். கருவியின் வாயில் சோதனை வாயுவைக் காட்டியதும் ஊரே அதிரும்படி ஊதியது. நிறுத்திவிட்டு மறுபடி காட்டினார்கள். மறுபடியும் ஊதியது. அப்படியானால் ஞாயிறன்று ஏன் ஊதவில்லை? எல்லோருக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது. யாரோ ஒயரைக் கழற்றியிருக்கிறார்கள், அன்றைய களேபரத்தில் யாரோ திரும்ப மாட்டியிருக்கிறார்கள். சைரன் அறைச் சாவி யாரிடம் இருந்தது? எபினேசரிடம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவருக்கு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தது.

படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். "கிரேசு, நான் கழட்டல" என்றார்.

"தெரியும்" என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதர் ஆளை உள்ளே இறக்கிவிட்டு சைரனைக் கழற்றுவாரா என்று ஜி.எம்.மிடம் போய்ச் சொல்ல முடியுமா? அவருக்கு மூச்சு விடுவதே சிரமமாக இருந்த நேரத்தில், உடம்பைவிட அந்தக் காகிதம்தான் அவரை அதிகமாக வாட்டியது. பழனியைச் சாகடிக்கப் பார்த்தவர் என்று ஊர் பேசும், அதைத் தாங்கிக்கொண்டு அவர் இந்தத் தெருவில் நடக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நான் நேராகக் கம்பெனிக்குப் போய் பிளான்ட் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கப் போனேன். ஜெயசீலன் சார் தடுத்துவிட்டார். "நீங்க அதைத் தொடக் கூடாது கிரேஸ்மா. புருஷனைக் காப்பாத்த பொண்டாட்டி இன்னாவோ பண்ணிட்டான்னு நாளைக்குப் பேசுவாங்க. அவர் பேரு இன்னும் கெட்டுப்போகும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தொடக் கூடாது, ஆனால் கூட நடக்கலாம் என்றார். துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பிளான்ட் அறையில் நடந்தார். கருவியிலிருந்து முதல் புரோகிராம், அங்கிருந்து லைப்ரரி, அங்கிருந்து சைரன். எங்கேயும் தடங்கல் இல்லை. மறுநாளும் நடந்தார். அன்றும் இல்லை. அன்றைக்கு ஏதாவது குறிப்பு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தால், பதிவுகளும் மெயின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். அங்கே அந்த நாளைக்கு ஒன்றுமே இல்லை.

சார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதம்மா என்றார். அப்போது எனக்கு வெடித்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அவரிடம் குரலை உயர்த்தினேன். "ஞாயித்துக்கிழமை நடந்ததை நீங்க புதன்கிழமை தேடிக்கினு இருந்தா எப்படி சார் கிடைக்கும்?" என்றேன்.

கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. சார் கோபித்துக்கொள்ளவில்லை. மடித்த காகிதத்தைப் பையிலிருந்து மறுபடி எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா இல்ல" என்றார். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வந்துடுங்க."

அந்த ஞாயிறன்று சார் ஆற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது என்று ஜி.எம்.மையும் வரவழைத்திருந்தார். பழனியும் உடம்பு தேறி வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தொட்டியின் மேல் மூடி போட்டிருந்தது, யாரையும் இறக்கவில்லை. சார் சொன்னபடி ஜி.எம். தன் கையாலேயே சோதனை வாயுவைக் கருவியின் வாயில் காட்டினார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

சைரன் ஊதவில்லை.

காத்திருந்தோம். காக்கை கத்தியது, தூரத்தில் ரயில் போனது. சைரன் மட்டும் ஊதவே இல்லை. ஜி.எம். தானே போய் ஒயரைப் பார்த்தார். ஒயர் அதன் இடத்தில் கெட்டியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, ஆத்திரமா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

சார் துண்டுக் காகிதத்தைக் கையில் பிடித்தார். "இப்ப நான்தான் செய்தி" என்றார். கருவியிலிருந்து முதல் புரோகிராமுக்கு வந்தார். அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். சைரன் புரோகிராமை என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். இதே கம்ப்யூட்டரில் என்றேன். அது இங்கேதான் இருக்கிறது என்று எனக்கு யார் சொல்லுவார்கள் என்று கேட்டார். லைப்ரரிக்கு அது தெரியாது. பெயரை வைத்துக்கொண்டு விலாசம் கேட்கத்தான் அதற்குத் தெரியும். "மெயின் ஆபீஸைக் கேக்கணும் சார்" என்றேன்.

அவர் குடையை விரித்தார். பிளான்ட்டை விட்டு இறங்கி, வெறிச்சோடிக் கிடந்த யார்டைத் தாண்டி, கேட்டை நோக்கி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். மெயின் ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசலில் பியூன் முனுசாமி அண்ணன் நின்றிருந்தார். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கட்டடத்தின் மெயினை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது அவர் வேலை. கரண்ட் வீணாகக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது என்று முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அவர் தவறாமல் செய்து வந்தது. அதற்காக ஆயுதபூஜை அன்று அவரைக் கூப்பிட்டுப் பாராட்டியும் இருக்கிறார்கள். மெயினை இறக்கினால் விலாசம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும்.

சார் அந்தப் பூட்டின கதவைத் தட்டினார். மரியாதையாக, யாரோ உள்ளே இருப்பது போல. கொஞ்சம் நின்றார். மறுபடியும் தட்டினார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குடை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"பக்கத்து நாற்காலில உக்காந்திருக்கிறவனைக் கூப்பிட, இங்க வந்து கதவைத் தட்டிக்கினு நின்னிருக்கு கிரேஸ்மா" என்றார். "இதை எழுதனது நான்தான்."

கம்பெனி மூடியிருக்கும் நாளில்தான் தொட்டியில் ஆள் இறங்குவார்கள். கம்பெனி மூடியிருக்கும் நாளில்தான் மெயினை இறக்குவார்கள். சைரனைச் சோதிப்பது மட்டும் எல்லோரும் வேலைக்கு வந்திருக்கும் நாளில். தேவையே இல்லாத நாளில் எல்லாம் ஊதிக்கொண்டு, தேவைப்பட்ட ஒரே நாளில் ஊமையாக இருந்திருக்கிறது. முனுசாமி அண்ணன் தன் மேல்தான் பழி வரும் என்று நடுங்கிப்போய் நின்றார். சார் எழுந்து முதலில் அவர் தோளைத்தான் தட்டிக் கொடுத்தார். உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்றார். பிறகு ஜி.எம்.மைப் பார்த்து, எபினேசர் மேல் குற்றம் இல்லை, லைப்ரரி என்னுடையது, பதில் சொல்ல வேண்டியவன் நான் என்றார். நாளைக்கே மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஜி.எம். என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே சார் வேலூருக்கு என்னோடு வந்தார். ஆற்காட்டிலிருந்து கிளம்பும்போதே வாங்கிவைத்திருந்த மக்கன் பேடா டப்பா கையில் இருந்தது. கட்டில் ஓரம் நின்று நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கைகூப்பினார். என் வீட்டுக்காரர் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். வயதில் பெரியவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். பேச்சை மாற்றுவதற்காக டப்பாவை வாங்கித் திறந்து ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொரு தடவை மென்றார்.

"இன்னா சார், ஆற்காட்டு பேடாவா இது? வெறும் சக்கரையா இருக்கு" என்றார்.

நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். நெய்யும் ஏலக்காயும் கமகமவென்று வந்தது. நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய மூக்கு போய்விட்டது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அது வரவில்லை.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டு, இப்போது நீங்கள் தொடலாம் என்றார். லைப்ரரியை மாற்றுகிற வேலையை முழுக்க என்னிடமே விட்டார். மாற்றியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ள நெட்வொர்க் தேவையில்லை. லோக்கல் சாக்கெட் என்று ஒன்று உண்டு. சைரன் புரோகிராம் தொடங்கும்போதே அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டு அதன் பின்னால் காத்திருக்கும். கூப்பிட வேண்டிய புரோகிராம் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அவ்வளவுதான். யாரிடமும் விலாசம் கேட்க வேண்டாம், ஒயர் வேண்டாம், மெயின் ஆபீஸ் வேண்டாம். கோப்பு என்று பெயரே தவிர அதற்குள் எழுத்து எதுவும் கிடையாது. அது சுவரில் இருக்கும் கதவு. கதவுக்குள் என்ன இருக்கும்? அதனால்தான் யாஸ்மினுக்கு அளவு பூஜ்யம் என்று காட்டியது.

செய்யும்போது சில இடங்களில் இடித்தது. கம்ப்யூட்டர் திடீரென்று நின்று மறுபடி எழுந்தால் பழைய கதவு அப்படியே கிடக்கும். அதே பெயரில் புதுக் கதவை வைக்க முடியாமல் புரோகிராம் திணறும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கதவைத் தட்ட யாருக்கு உரிமை என்பதையும் கோப்பிலேயே குறித்துவைத்தேன், கண்ட புரோகிராமும் வந்து சைரனை ஊத முடியாது. மெயின் ஆபீஸைக் கேட்காமல், அந்தக் கம்ப்யூட்டரின் நம்பர் விலாசத்தை நேராகப் புரோகிராமிலேயே எழுதினாலும் வேலை நடக்குமே மேடம் என்று யாஸ்மின் போனில் கேட்டாள். நடக்கும். இதையே நான் அன்று சாரிடம் கேட்டேன். நெட்வொர்க் என்று ஒன்று நடுவில் இருந்தால் அதை ஒழுங்குபடுத்த என்று என்றைக்காவது ஒருவர் வருவார், நல்ல எண்ணத்தோடு எதையாவது அடைப்பார், அப்புறம் வேறொரு ஞாயிற்றுக்கிழமை வரும் என்றார் சார். ஷூ ஃபேக்டரி வரைக்கும் போக வேண்டிய செய்திகள் முன்பு போலவே நெட்வொர்க்கில் போகட்டும், ஆள் உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் கதவு வழியாகப் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

கோப்பை அழித்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது யாஸ்மின். ஏற்கனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த முறை முதல் புரோகிராம் புதிதாகத் தொடங்கும்போதுதான் கதவைத் தேடும், கதவு இருக்காது. அதனால்தான் உன்னை எழுந்து நிற்கச் சொன்னேன்.

புது லைப்ரரியைச் சோதித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் பிளான்ட்டுக்கு வந்து, பழனி போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மெயின் இறங்கியிருக்கிறதா என்று முனுசாமி அண்ணனையே போய்ப் பார்க்கச் சொன்னார் சார். அது போதாது என்று கம்ப்யூட்டரின் நெட்வொர்க் ஒயரையும் நான் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பழனி சோதனை வாயுவைக் காட்டினார்.

ஊதியது. நெஞ்சுக்குள் அதிர்ந்தது. முனுசாமி அண்ணன் மெயின் ஆபீஸ் வாசலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பழனி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு என் புருஷனுடைய முகத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தன் பக்கம் சாட்சி சொல்ல ஒருவர் வந்து நின்றதைப் போல அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சத்தம் ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து சைரன் சோதனை விடுமுறை நாளில்தான், மெயினை இறக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்று சார் வழக்கமாக்கினார். அவர் காலமாகிவிட்டார். வழக்கம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்தச் சைரன் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். புதுக் கம்ப்யூட்டரிலும் அந்தக் கதவை அப்படியே வைப்பதாக யாஸ்மின் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

மூக்கு இல்லாமல் டேனரி ஊரில் வாழ்வது பாக்கியம் என்று எங்கள் தெருவில் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டார். இன்றைக்குக் காற்றில் என்ன வாசனை என்று சொல்லு என்றார். சொன்னேன். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த போனில், கூடத்திலிருந்துகொண்டு அடுப்படிக்கு "காபி" என்று செய்தி அனுப்புவார். அது எந்த நாட்டுக்கெல்லாம் போய்விட்டு வருகிறதோ, வாயைத் திறந்து கூப்பிட்டால் ஆகாதா என்று நான் திட்டுவேன். வாசனை கேட்பதை மட்டும் போனில் கேட்க மாட்டார். கூப்பிட்டுத்தான் கேட்பார். ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. விளையாட்டுக்கு, நன்றாக மணக்கிறது என்று சொல்லிவைத்தேன். சரி என்று சந்தோஷமாகப் போட்டுச் சாப்பிட்டார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதற்கப்புறம் விளையாட்டுக்குக்கூட நான் பொய் சொல்லுவதில்லை.

இந்த ஞாயிறு சைரன் ஊதியபோது நான் அடுப்படியில் இருந்தேன். ரோடு தோண்டியதில் கேபிள் அறுந்து ஊர் முழுக்க இன்டர்நெட் இல்லை. சைரன் ஊதி முடித்தது. கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"கிரேசு, இன்னிக்கு இன்னா வாசனை?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். எங்கேயோ மழை பெய்திருக்கிறது, மண் வாசனை வருகிறது என்று அங்கிருந்தே சொன்னேன். பக்கத்து வீட்டில் பிரியாணிக்கு வெங்காயம் வதக்குகிறார்கள், டேனரி வாசனை இன்றைக்குக் கம்மி என்றும் சொன்னேன்.

நிஜமாகவா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. கூடத்தில் அவர் மூச்சை ஆழமாக உள்ளே இழுப்பது எனக்குக் கேட்டது.

"நல்லாகீது" என்றார்.